முதல் மான் வேட்டை ரைபிளுக்கு 16 மடங்கு ஜூம் ஸ்கோப் வேண்டாம் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க வாசகர் கேள்வி பகுதியில ஜெயநகர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பையன் விஸ்கான்சின்ல இருக்கான், கிரீன் கார்டு வந்தாச்சு, ஆபீஸ் ஆளுங்களோட நவம்பர்ல மான் வேட்டைக்கு போறானாம், ரைபிள் வாங்கியாச்சு, இப்ப ஸ்கோப்புக்கு, அதாவது துப்பாக்கி மேல மாட்டி குறி பார்க்கற தொலைநோக்கிக்கு, மட்டும் 700 டாலர் ஆகும்ங்கறான், இது தேவையான செலவு தானான்னு கேள்வி. அதுக்கு உங்க பேப்பர் குடுத்த பதில்ல 4-16×50 (4-ல இருந்து 16 மடங்கு வரைக்கும் ஜூம், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர்) தான் பெஸ்ட், லென்ஸ் பெரிசா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி, ஜூம் ஜாஸ்தியா இருந்தா குறி தப்பாதுன்னு போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். அந்த பதில் தப்பு சார், அதுவும் முதல் தடவை துப்பாக்கி எடுக்கற பையனுக்கு ரொம்பவே தப்பு.

நான் மில்வாக்கி பக்கம் பல வருஷம் வேலை பார்த்துட்டு திரும்பி வந்து இப்ப அல்சூர்ல இருக்கேன். அங்க இருந்தப்ப கூட வேலை பார்த்தவங்களோட வேட்டைக்கு போயிருக்கேன், புதுசா வர்ற நம்ம பசங்களுக்கு ரேஞ்சுல, அதாவது சுட்டுப் பழகற மைதானத்துல, சொல்லியும் குடுத்திருக்கேன். இந்தியாவுல இந்த பேச்சுக்கே இடமில்ல, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி இங்க மானை சுட்டா ஜெயில் தான், அந்த சட்டம் இருக்கறதுனால தான் பந்திப்பூர்லயும் நாகரஹொளேலயும் புள்ளிமான் இன்னும் கூட்டங்கூட்டமா நிக்குது, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. அங்க நிலைமை வேற, வெள்ளைவால் மான் அளவுக்கு மீறி பெருகிப்போய் ரோட்டுல கார்ல அடிபடறதும் வயல்ல மேயறதும் தீராத பிரச்சினை, அதனால மாநில அரசே லைசென்ஸும் டேகும் (சுடற மானுக்கான அனுமதிச் சீட்டு) குடுத்து சீசன் வச்சு நடத்தறாங்க. பெங்களூருல இருந்துக்கிட்டு இதை எதுக்கு எழுதறேன்னு கேட்டா, இந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவுல இருக்கு, என் அக்கா பையனே போன வருஷம் இதே கேள்வியோட ராத்திரி ராத்திரி போன் பண்ணி "மாமா எது வாங்கறது"ன்னு உயிரை எடுத்தான்.

முதல்ல தூரத்தைப் பத்தி பேசணும், ஏன்னா ஸ்கோப் சம்பந்தமான எல்லா முடிவும் அதுல இருந்து தான் வருது. விஸ்கான்சின் காடு நம்ம படத்துல பார்க்கற மாதிரி பரந்த புல்வெளி இல்ல, ஓக் மரமும் புதரும் அடர்ந்த இடம், மரத்துல கட்டின பரண்ல உக்காந்திருந்தா மான் கண்ணுக்குப் படறதே பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்ள தான், 40, 50 கெஜத்துல வந்து நிக்கறதும் சகஜம். குறி வைக்க வேண்டிய நெஞ்சுப்பகுதி, அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கற இடம், கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு, 8 இன்ச் வச்சுக்கலாம். 100 கெஜத்துல 8 இன்ச் வட்டத்தை அடிக்க 4 மடங்கு, 6 மடங்கு ஜூம் தாராளம். 16 மடங்கு வச்சா என்ன ஆகும்னா மான் பெரிசா தெரியறதோட சேர்ந்து உங்க கை நடுக்கமும் 16 மடங்கு பெரிசா தெரியும், ஸ்கோப்புக்குள்ள குறி காட்டற குறுக்குக்கோடு மானோட முதுகுல இருந்து கால் வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கும், அதைப் பார்த்து புதுப்பையன் இன்னும் பதறுவான், பதறினா ட்ரிக்கரை இழுத்து அடிப்பான், அடிபட்ட மான் காட்டுக்குள்ள ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் பணம் மட்டும் இல்ல சார், அந்த உயிர் வேதனைப்படாம போகணும்.

இன்னொண்ணு, பார்வை அகலம். 3-9×40 ஸ்கோப்பை 3-ல வச்சா 100 கெஜத்துல 33, 34 அடி அகலம் கண்ணுக்குத் தெரியும், 9-க்கு திருப்பினா அது 12, 13 அடியா சுருங்கிடும். மான் நடந்துக்கிட்டே இருக்கும், புதருக்குப் பின்னாடி போய் வேற பக்கமா வரும், அப்ப ரைபிளைத் தூக்கின உடனே மான் ஸ்கோப்புக்குள்ள இருக்கணும், தேடிக்கிட்டு இருக்கக்கூடாது. அதனால நடக்கறப்பவும் பரண்ல காத்திருக்கறப்பவும் எப்பவும் குறைஞ்ச ஜூம்ல வச்சிருங்க, தூரத்துல நிதானமா நிக்கற மானுக்கு மட்டும் ஏத்திக்கலாம், அதுக்கு நேரம் எப்பவும் கிடைக்கும், கிட்டத்துல வந்துட்ட மானுக்கு இறக்கறதுக்குத் தான் நேரமே இருக்காது.

இப்ப வெளிச்சம். இதுல தான் உங்க பதில் ரொம்ப வழி தவறிப்போச்சு. மான் நல்லா நடமாடறது விடியறதுக்கு ஒட்டியும் பொழுது சாயறப்பவும், விஸ்கான்சின்ல சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி முன்னாடியே சுட அனுமதி உண்டு, அதனால மங்கின வெளிச்சத்துல தெளிவா தெரியணும்ங்கறது நியாயமான ஆசை தான். ஆனா லென்ஸ் சைஸை மட்டும் பார்த்தா பத்தாது, லென்ஸ் விட்டத்தை ஜூமால வகுக்கணும், அப்ப கிடைக்கறது தான் கண்ணுக்குள்ள வந்து விழற வெளிச்ச வட்டத்தோட அளவு. நம்ம கண்மணி இருட்டுல சின்ன வயசுல 7 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும், வயசாக ஆக 5-க்கு வந்துடும். 40 எம்எம் லென்ஸை 6 மடங்குல வச்சா 6.7, கண்ணு எவ்வளவு வாங்குமோ அவ்வளவும் வந்தாச்சு. 9-ல வச்சா 4.4, அதுவும் மோசமில்ல. நீங்க சொன்ன 4-16×50-ஐ 16-ல வச்சா 3.1 தான் சார், அதாவது ஜாஸ்தி காசு குடுத்து வாங்கின ஸ்கோப் அந்த ஜூம்ல சின்ன ஸ்கோப்பை விட இருட்டா இருக்கும். நம்பிக்கை இல்லாதவங்க வீட்டுல இருக்கற சாதா பைனாகுலரை ஒரு கை தூரத்துல வெளிச்சமான ஜன்னலைப் பார்த்து பிடிச்சுப் பாருங்க, கண்ணு வைக்கற பக்கத்துல சின்னதா ஒரு வெள்ளை வட்டம் தெரியும், ஸ்கேலை வச்சு அளந்தே பார்க்கலாம், அது தான் நான் சொல்ற வட்டம். அல்சூர் ஏரிக்கரையில சாயங்காலம் பறவை பார்க்க வர்ற பசங்ககிட்ட இதைக் காட்டியிருக்கேன், 8×42 வச்சிருக்கறவனுக்கும் 20 மடங்குன்னு ஆன்லைன்ல மலிவா வாங்கிட்டு வந்தவனுக்கும் ஆறரை மணிக்கு மேல என்ன வித்தியாசம்னு அவங்களே பார்த்து தெரிஞ்சுக்குவாங்க.

50 எம்எம் லென்ஸ்ல இன்னொரு தொல்லையும் இருக்கு. லென்ஸ் பெரிசுங்கறதால ஸ்கோப்பை ரைபிள்ல பிடிச்சு வைக்கற வளையத்தை, அதாவது ரிங்கை, உயரமா போடணும், ரிங் உயரமானா ஸ்கோப் பேரலுக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், கன்னத்தை ரைபிள் கட்டையில ஒட்டி வச்சா கண்ணு ஸ்கோப் நடுவுக்கு வராது, தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் தலை ஒவ்வொரு இடத்துல நிக்கும். 40 எம்எம்-க்கு தாழ்வான இல்லேன்னா நடுத்தர ரிங் போதும், கன்னம் கட்டையில பதிஞ்சு உக்காரும். ஸ்கோப்போட குழாய் 30 எம்எம் இருந்தா வெளிச்சம் ஜாஸ்தின்னு கடைக்காரன் சொன்னா அதையும் நம்பவேண்டாம், 30 எம்எம் குழாயில குறியைத் திருத்தற அட்ஜஸ்ட்மென்ட் தூரம் கூடுதலா கிடைக்கும் அவ்வளவு தான், மான் வேட்டைக்கு 1 இன்ச் குழாயே எதேஷ்டம்.

அப்ப எதுக்கு காசு போடணும்னா கண்ணாடிக்கும் பூச்சுக்கும். பூச்சு இல்லாத கண்ணாடியில ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போயிடும், ஸ்கோப்புக்குள்ள லென்ஸ் வரிசையா இருக்கறதால அது சேர்ந்து சேர்ந்து பெரிய நஷ்டமாயிடும். பெட்டி மேல 'கோட்டட்'னு மட்டும் போட்டிருந்தா ஏதோ ஒரு பரப்புல பூசியிருக்கான்னு அர்த்தம், 'ஃபுல்லி மல்டி-கோட்டட்'னு போட்டிருந்தா எல்லா பரப்புலயும் பல அடுக்கு பூசியிருக்கு, அதைத் தான் வாங்கணும். உள்ள நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி சீல் பண்ணியிருக்கணும், இல்லேன்னா நவம்பர் குளிர்ல உள்பக்கம் பனி படிஞ்சு ஒண்ணும் தெரியாது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல மூணரை இன்ச்சுக்கு குறையாம இடைவெளி விடறதா பார்த்து வாங்கணும், .308 தோட்டா போடற மாதிரி ரைபிள் பின்னாடி உதைக்கறப்ப ஸ்கோப் விளிம்பு புருவத்துல வெட்டி தையல் போட்டவங்களை நேர்ல பார்த்திருக்கேன். குறுக்குக்கோடு விஷயத்துல சாதா டூப்ளெக்ஸ் போதும், ஓரத்துல தடிமனா நடுவுல மெல்லிசா வர்ற கோடு, மங்கின வெளிச்சத்துல தடிமன் கோடு கண்ணை நடுவுக்கு இழுத்துட்டு வரும். தூரத்துல குண்டு கீழ இறங்கறதுக்கு ஈடு கட்ட கீழ கீழ புள்ளி வச்ச பிடிசி கோடு தப்பில்ல, ஆனா இந்த விலை ஸ்கோப்புகள்ல அந்த புள்ளிக்கணக்கு பொதுவா முழு ஜூம்ல வச்சா மட்டும் தான் சரியா வரும், அதை மறந்துட்டு 5-ல வச்சு கீழ்ப்புள்ளியில குறி வச்சா குண்டு வேற எங்கயோ போகும். லைட் எரியற கோடு, லேசர், தூரம் காட்டற கருவி எல்லாம் சேர்த்து 80 டாலருக்கு வர்றதை தொடவே தொடாதீங்க.

பேரு சொல்லுங்கன்னு கேப்பாங்க, சொல்லிடறேன். வோர்டெக்ஸ் க்ராஸ்ஃபயர் 2-ல 3-9×40 வழக்கமா 200 டாலருக்குள்ள கிடைக்கும், அந்த கம்பெனியே விஸ்கான்சின்ல தான் இருக்கு, பில் இல்லேன்னாலும் செகண்ட் ஹேண்டா வாங்கியிருந்தாலும் உடைஞ்சா மாத்திக் குடுப்பாங்க. இன்னும் கொஞ்சம் போட முடிஞ்சா ல்யூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40, 300 டாலர் பக்கம், ஆரிகன் மாநிலத்துல பண்றது, எடை கம்மி, சாயங்கால வெளிச்சத்துல வித்தியாசம் தெரியும். பர்ரிஸ் ஃபுல்ஃபீல்டும் நல்லது தான். என் அக்கா பையனுக்கு நான் சொன்னது முதல்ல சொன்ன வோர்டெக்ஸ் தான், மிச்ச காசுக்கு தோட்டா வாங்கிக்கோன்னு சொன்னேன். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ் மாதிரி ரைபிள்களை ஸ்கோப்போட சேர்த்து காம்போவா விக்கறாங்க, அதுல என்ன ஸ்கோப் வச்சிருக்கான்னு பார்த்து வாங்கினா முதல் ரைபிளுக்கு அதுவே போதும். ஆன்லைன்ல பாதி விலைக்கு பெரிய கம்பெனி பேர்ல வர்றது பல சமயம் போலி, அதுக்கு எந்த வாரண்டியும் செல்லாது.

ஸ்கோப்பை விட ஜாஸ்தி கோட்டை விடற இடம் மாட்டற வேலை. அக்கா பையன் ரைபிளை ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் கடையில குடுத்து மாட்டினான், கடையில இருந்த ஆளு அவசரத்துல ரிங் ஸ்க்ரூவை பலம் கொண்ட மட்டும் முறுக்கி விட்டுட்டான், ரிங்கைத் தாங்கற பேஸோட ஸ்க்ரூ ஒண்ணு பாதி லூஸ். ரேஞ்சுல சுட்டா ஒரு குண்டு இங்க ஒரு குண்டு அங்க, பையன் ஸ்கோப் மோசம்னு முடிவு பண்ணி திருப்பிக் குடுக்கவே கிளம்பிட்டான். வீடியோ கால்ல ரிங்கைக் கழட்டச் சொல்லி பார்த்தா குழாயில மோதிரம் போட்ட மாதிரி அச்சு விழுந்திருக்கு. கம்பெனி வேற குடுத்துட்டான், அது வேற விஷயம். எவ்வளவு பலமா முறுக்கறோம்னு அளவு வச்சு முறுக்கற டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர்னு ஒண்ணு இருக்கு, விலை 50 டாலர் பக்கம், ரிங் மேல்மூடிக்கு 15-ல இருந்து 18 இன்ச்-பவுண்டு (முறுக்கு பலத்தோட அளவு), மீதிக்கு ரிங் பெட்டியில போட்டிருக்கற அளவு, அவ்வளவு தான் முறுக்கணும். மாட்டறப்ப வேட்டைக்கு போடப்போற அதே தடிமனான குளிர் ஜாக்கெட்டை போட்டுக்கிட்டு, ஜூமை முழுசா ஏத்தி வச்சு, கண்ணை மூடிக்கிட்டு ரைபிளை தோள்ல வச்சு கன்னத்தை பதிச்சு அப்புறம் கண்ணைத் திறக்கணும், ஓரத்துல கருப்பு நிழல் இல்லாம முழு வட்டம் தெரியற இடத்துல ஸ்கோப்பை நிறுத்தணும். டி-ஷர்ட்ல நின்னுக்கிட்டு மாட்டினா நவம்பர்ல ஜாக்கெட் தடிமனுக்கு கண்ணு பின்னாடி போயிடும். இதெல்லாம் துப்பாக்கியில தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத் தான், சொல்லவே தேவையில்ல.

ஜீரோ பண்றதுக்கு, அதாவது குறி வச்ச இடத்துலயே குண்டு படற மாதிரி ஸ்கோப்பைத் திருத்தறதுக்கு, முதல்ல 25 கெஜம், அப்புறம் 100. பெரும்பாலான ஸ்கோப்ல திருத்தற திருகை ஒரு க்ளிக் திருப்பினா 100 கெஜத்துல கால் இன்ச், ஆனா 25 கெஜத்துல அதே க்ளிக் பதினாறுல ஒரு பாகம் இன்ச் தான் நகர்த்தும், அதனால 25 கெஜத்துல குண்டு 2 இன்ச் கீழ விழுந்தா 32 க்ளிக் திருப்பணும், 8 க்ளிக் திருப்பிட்டு ஸ்கோப் கேக்கலைன்னு சொல்ற புதுப்பசங்களை ஒவ்வொரு சீசன்லயும் ரேஞ்சுல பார்க்கலாம். மணல்மூட்டை மேல வச்சு மூணு மூணு குண்டா சுடணும், மூணோட நடுவைப் பார்த்து திருப்பணும், ஒரு குண்டைப் பார்த்து திருப்பக்கூடாது, நடுநடுவே பேரல் ஆறணும். எந்த பிராண்டு எந்த எடை தோட்டாவுல ஜீரோ பண்ணீங்களோ அதையே தான் காட்டுக்கும் எடுத்துட்டு போகணும். .308-ல 150 க்ரெய்ன் (குண்டோட எடை அளவு) குண்டை 100 கெஜத்துல ஜீரோ பண்ணா 200 கெஜத்துல 4 இன்ச் பக்கம் கீழ விழும், அந்த காட்டுக்கு இதைத் தெரிஞ்சுக்கிட்டா போதும், டரெட்டை, அதாவது அந்தத் திருகை, காட்டுல திருப்பவே வேண்டாம். இதுக்கு ரெண்டு மூணு பெட்டி தோட்டா ஆகும், ஒரு பெட்டி 20 தோட்டா, அந்த செலவை பட்ஜெட்டுல முதல்லயே எழுதி வச்சுக்கணும்.

இதையும் கண்டிப்பா போடுங்க சார், ஸ்கோப் வழியா சுத்துமுத்தும் பார்க்கற பழக்கம் ரொம்ப ஆபத்து. ஸ்கோப்புல எதைப் பார்க்கறீங்களோ அது மேல துப்பாக்கி நீட்டியிருக்கீங்க, அது மானா இருக்கலாம், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட இன்னொரு மனுஷனா இருக்கலாம். பார்க்கறதுக்கு கழுத்துல பைனாகுலர், சுடறதுக்கு மட்டும் ஸ்கோப். 700 டாலர்ல 200-க்கு ஸ்கோப் வாங்கிட்டு ஒரு நல்ல 8×42 பைனாகுலர் வாங்கினா அந்தப் பையன் இன்னும் நல்ல வேட்டைக்காரனா வருவான், இங்க லீவுக்கு வர்றப்ப ரங்கனதிட்டுக்கு பறவை பார்க்கவும் எடுத்துட்டு போகலாம்.

பைனாகுலர் மாதிரி ஸ்கோப்பை இந்தியாவுக்கு எடுத்துட்டு வர முடியாது. ரைபிள் ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு லிஸ்ட்ல இருக்கற பொருள், சூட்கேஸ்ல போட்டு மாமாவுக்கு கிஃப்ட்னு கொண்டு வந்தா வம்பு. அதே மாதிரி உங்க பதில்ல விசா பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஜெயநகர் அம்மா பையனுக்கு கிரீன் கார்டு இருக்கு, பரவாயில்ல, ஆனா உங்க பேப்பரை படிக்கற பாதி வீட்டுப் பசங்க எச்-1பி வேலை விசாலயும் எஃப்-1 படிப்பு விசாலயும் இருக்காங்க. அந்த விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறது அங்கத்திய ஃபெடரல் சட்டப்படி பொதுவா குற்றம், செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் கையில இருக்கறவங்களுக்குத் தான் விலக்கு. லைசென்ஸ் வாங்க விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பிறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும், அந்த கோர்ஸ்ல இடம் சீசன் நெருங்கினா கிடைக்கறது கஷ்டம். முதல்ல கோர்ஸ், அப்புறம் லைசென்ஸ், அப்புறம் ரைபிள், கடைசியில ஸ்கோப், இந்த வரிசையை மாத்தினா ஒரு சின்ன விஷயத்துக்கு க்ரீன் கார்டே கேள்வியாயிடும், பெத்தவங்க இங்க தூங்க முடியாது.

அடுத்த ஞாயிறு அந்த பதிலைத் திருத்திப் போடுங்கன்னு கேட்டுக்கறேன், இடம் கம்மியா இருந்தா 3-9×40, ஃபுல்லி மல்டி-கோட்டட், 200 டாலர்னு ஒரு வரியும் விசா பத்தி ஒரு வரியும் போட்டா கூட போதும். விஸ்கான்சின்ல ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் நவம்பர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிக்குது, அந்தப் பையன் அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள ஸ்கோப்பை மாட்டிட்டா தான் ஜீரோ பண்ண நிதானமா நேரம் கிடைக்கும், அதுக்கப்புறம் ரேஞ்சுல மேஜை கிடைக்காது.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர்,
பெங்களூரு